பதிவு மூப்பும் கம்பெனி வேனும்

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த கையோடு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வரிசை நிற்கும். அன்றைய அரியலூர்ப் பிள்ளைகளுக்குப் படித்து முடித்ததும் முதல் வேலை அதுதான். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துப் புதுப்பித்து, முத்திரை மேல் முத்திரை விழுந்து, மடிப்பில் கிழிந்த அட்டையை டிரங்குப் பெட்டியில் நிலப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருப்பார்கள். பதிவு மூப்போடு வயதும் ஏறியது. அழைப்புக் கடிதம் வருமுன்பே பலருக்கு வயது வரம்பு கடந்துபோனது.

இத்தனைக்கும் காலடியில் சுண்ணாம்புக்கல் கிடந்தது. 1979இல் அரசு சிமென்ட் ஆலை வந்தது. பிறகு தளவாய், ஆலத்தியூர், ரெட்டிப்பாளையம், கீழப்பழுவூர், கோவிந்தபுரம் என்று தனியார் ஆலைகள் வரிசையாக எழுந்தன. ஆனால் சிமென்ட் ஆலையில் கல்லை அரைப்பதும் சூளையில் சுடுவதும் இயந்திரம். அதை ஓட்டச் சில பேர் போதும். மூட்டை ஏற்றுவது, தூசி கூட்டுவது, லாரி ஓட்டுவது எல்லாம் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலி. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நிரந்தர வேலை வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் ஓயவில்லை. ஓயவும் கூடாது. மண் ஒருமுறைதான் போகும். கூலி மாதாமாதம் வர வேண்டும்.

ஜெயங்கொண்டத்தின் கதை இதைவிடக் கொடுமை. பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கென்று 1990களில் ஆயிரக்கணக்கான ஏக்கரைக் கையகப்படுத்தினார்கள். சுரங்கமும் வரவில்லை, மின் நிலையமும் வரவில்லை. இழப்பீட்டு வழக்குகள் மட்டும் தலைமுறை தாண்டி நடந்தன. கடைசியில் திட்டத்தைக் கைவிட்டு, நிலத்தை உரியவர்களிடமே திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. வேலை வரும் என்று காத்திருந்தவர்கள் அதற்குள் திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள்.

2017இல் வந்த தமிழ்நாடு மனித மேம்பாட்டு அறிக்கையில் கடைசி வரிசையில் இருந்தவை அரியலூரும் பெரம்பலூரும். ஆனால் வேலையின்மை விகிதத்தை மட்டும் பார்த்தால் இந்தப் பின்தங்கல் முழுசாகத் தெரியாது. வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் களை பறித்திருந்தாலும், அந்த வாரக் கணக்கில் அவர் வேலையில் இருப்பவர். ஊரைவிட்டுப் போனவர் போன ஊரின் கணக்கில் சேர்ந்துவிடுகிறார். இந்தக் குறைகள் இருந்தாலும் ஊர்வாரிக் கணக்குக்குப் பயன் உண்டு. அமெரிக்காவில் நகரவாரியாக மாதந்தோறும் வேலையின்மைக் கணக்கு வருகிறது. 2023இல் நாடு முழுக்க 3.6 சதவீதம், கலிபோர்னியா எல்லையோரம், பருவத்துக்குப் பருவம் காய்கறி அறுவடையை நம்பியிருக்கும் எல் சென்ட்ரோவில் 15ஐத் தாண்டியது. ஒரே நாட்டில் இத்தனை வித்தியாசம் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. இங்கேயும் மாவட்டத்துக்கு மாவட்டம் அப்படித் தெரிய வேண்டும்.

இன்று காலையில் பெரம்பலூர்ப் பக்கம் சாலையில் நின்றால் கம்பெனி வேன்களைப் பார்க்கலாம். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை, ஈரம் காயாத தலையோடு பெண்கள் ஏறுகிறார்கள். எறையூர் சிப்காட்டில் கிராக்ஸ் காலணி தயாரிக்கும் ஆலை 2023இல் திறக்கப்பட்டது. ஜெயங்கொண்டம் சிப்காட்டில் தைவான் நிறுவனமான டீன் ஷூஸின் ஆலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். முதலீடு 1,000 கோடி ரூபாய், 15,000 பேருக்கு வேலை என்பது அறிவிப்பு. சின்ன வெங்காயம் அறுத்தும் பருத்தி எடுத்தும் அன்றாடக் கூலி வாங்கிய கைகளுக்கு, மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் சம்பளம். மனசார வரவேற்கிறேன். இந்த மாவட்டங்களில் சிமென்ட் செய்யாததைச் செருப்பு செய்யத் தொடங்கியிருக்கிறது.

டிப்ளமோவும் பொறியியலும் முடித்த பையன்களுக்கு இந்த வேன்களில் இன்னும் அவ்வளவாக இடமில்லை. அவர்களுக்கு இப்போதும் ஒரகடமும் ஓசூரும்தான்.