ஜீலாங் கடிகாரக்காரர்

ஆஸ்திரேலியாவில், மெல்பர்ன் நகரத்துக்குத் தென்மேற்கே சுமார் 45 மைல் தூரத்தில், கடலோரமாக ஜீலாங் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆட்டு ரோமத்தைக் கப்பலேற்றிச் செழித்த துறைமுகம். அங்கே கடிகாரமும் நகையும் வியாபாரம் செய்த சார்லஸ் பிரௌன்லோ என்பவரின் பெயரை அத்தேசத்துப் பள்ளிக்கூடச் சிறுவன்கூடச் சொல்வான். ஆனால் அவருடைய கடைக்காக அல்ல.

அவர் ஆடிய கால்பந்து நம் ஊரில் காண்பது போன்றதன்று. பந்து முட்டை வடிவமாக இருக்கும். அதைக் காலால் உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், முஷ்டியால் குத்தியும் அனுப்பலாம். ஆடுவது கிரிக்கெட் மைதானத்தில். இதற்கு முதன்முதலில் விதிகள் எழுதப்பட்டது 1859-ம் வருஷம் மெல்பர்னில்.

1861-ல் பிறந்த பிரௌன்லோ, 1880 முதல் ஜீலாங் கோஷ்டிக்கு ஆடினார். 1883-ல் அவர் தலைமையில் அது முதலிடம் பெற்றது. 1885-ல் சங்கத்தின் காரியதரிசியானார். மறு வருஷமும் ஜீலாங்குக்கே ஜயம். அதற்கப்புறம் வந்தது பாருங்கள், சோதனை! 1897-ல் எட்டுச் சங்கங்கள் கூடி விக்டோரியா லீக் பந்தயங்களை ஆரம்பித்தன. ஏழு மெல்பர்னைச் சேர்ந்தவை. ஜீலாங் ஒன்றுதான் வெளியூர். வருஷத்துக்கு வருஷம் முயன்றும் முதலிடம் கிட்டவில்லை. 1916-ல் யுத்தம் காரணமாக ஜீலாங் ஆடவேயில்லை. கடிகாரக்காரருக்கு நல்ல நேரம் மட்டும் வரக் காணோம்!

வேறொருவராயிருந்தால் வியாபாரமே போதும் என்று ஒதுங்கியிருப்பார். பிரௌன்லோ 38 வருஷம் காரியதரிசியாகவே நின்றார். நடுவே 1918-19-ல் லீகின் தலைவராகவும் இருந்தார். 1923-ல் பொறுப்பை விட்டார். 1924 ஜனவரியில் காலமானார். வயது 62.

அவ்வருஷமே அவர் பெயரால் லீக் ஒரு பதக்கம் ஏற்படுத்தியது. அதிக கோல் போட்டவனுக்கு அல்ல. நேர்மையாகவும் சிறப்பாகவும் ஆடியவனுக்கே. தீர்ப்பளிப்பவர்களும் ரசிகர்கள் அல்ல, பந்தய நடுவர்கள். குற்றம் செய்து ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டவன் எத்தனை கெட்டிக்காரனானாலும் அதைப் பெற முடியாது. நகைக் கடைக்காரர் பெயருக்குப் பதக்கம் பொருத்தந்தானே!

முதல் பதக்கம் 7 வாக்குகளில் எட்வர்ட் கிரீவ்ஸ் என்ற வாலிபருக்குக் கிடைத்தது. அவர் ஜீலாங் ஆட்டக்காரர். அடுத்த வருஷம், 1925-ல், கிரீவ்ஸும் ஆடிய ஜீலாங் கோஷ்டி, முப்பத்தொன்பது வருஷங்களுக்குப் பிறகு முதலிடத்துக்கு வந்தது.