ஜவ்வாது மலையில் ஒரு கல் வீடு



தென் அமெரிக்கா என்றதும் நமக்கு அமேசான் காடும், பெரு நாட்டு மலை உச்சியில் உள்ள மச்சு பிச்சுவும்தான் நினைவுக்கு வரும். காட்டுக்குள் நடந்து நடந்து, திடீரென்று ஒரு பழைய கல் கட்டடம் கண்ணில் படுவது எவ்வளவு பெரிய அனுபவம்! ஆனால் அதற்குக் கப்பலும் வேண்டாம், விமானமும் வேண்டாம். போளூர் பஸ் ஸ்டாண்டில் ஜமுனாமரத்தூர் பஸ் ஏறினால் போதும். அத்திமூர் தாண்டி மலைப்பாதை வளையத் தொடங்கும்போதே காற்று மாறிவிடும். நண்பர்களோடு அப்படிப் போய் வந்ததில் நான் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

காடு எப்படி?

அமேசான் என்றும் பசுமையான மழைக்காடு. ஜவ்வாது மலைக் காட்டில் பெரும்பகுதி கோடையில் இலை உதிர்க்கும் காடு. உதிர்ந்த இலை மக்கி, மழைத் தண்ணீரை உடனே ஓட விடாமல் பஞ்சு மாதிரி பிடித்து வைக்கிறது. செய்யாறும் கமண்டல நாகநதியும் இந்த மலையில்தான் பிறக்கின்றன. ஆகவே மேலே ஒரு மரம் போனால் கீழே போளூர், ஆரணிப் பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் குறையும். சந்தன மரத்துக்குப் பேர் போன இந்த மலையில் இன்று பெரிய சந்தன மரம் ஒன்றைப் பார்ப்பதே அரிது. வெட்டிக் கடத்தியது போக மிஞ்சியதுதான் இருக்கிறது.

மலையில் வாழ்கிற மலையாளிப் பழங்குடியினர் சாமை விதைக்கிறார்கள். தேன், புளி, கடுக்காய் சேகரிக்கிறார்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. பத்துப்பாட்டில் கடைசி நூலான மலைபடுகடாம் பாடும் நன்னனின் நாடும், இந்த மலையை ஒட்டிய செங்கம் பகுதிதான்.

வாலியர் வீடு

ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலைப்பகுதியில் பலகைக் கற்களால் ஆன சிறு சிறு அறைகள் உண்டு. நான்கு பக்கமும் நிறுத்திய பலகைகள், மேலே ஒரு பெரிய மூடுகல். சிலவற்றில் முன்பலகையில் வட்டமாக ஒரு துளையும் இருக்கும்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு தாத்தாவிடம் கேட்டோம். "அதெல்லாம் வாலியரு வீடு தம்பி. குள்ள மனுசங்க. ஆள்தான் குட்டை, பலம் யானை பலம். எங்க பாட்டன் காலத்துலயும் இது இப்படியேதான் நின்னுச்சு" என்றார்.

உண்மையில் இவை வீடுகள் அல்ல. பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பிய நினைவுச் சின்னங்கள். தொல்லியலில் இதற்குக் கற்திட்டை என்று பெயர். பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மல்லசந்திரத்திலும் இவை ஏராளம். அதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. நம் வட்டாரம் எவ்வளவு பழசு என்று யோசித்துப் பாருங்கள்!

கிரேன் இல்லாமல் எப்படி?

இதுதான் நம்மைப் போன்ற டிப்ளமோ மாணவர்களுக்கான கேள்வி. கிரானைட் கல் ஒரு கன மீட்டர் சுமார் 2,700 கிலோ. மூடுகல் 2.5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் கனம் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் சரியாக 1 கன மீட்டர், அதாவது 2.7 டன்!

ஆளுக்கு 50 கிலோ தூக்கினாலும் 54 பேர் வேண்டும். ஆனால் கல்லின் சுற்றளவு 9 மீட்டர்தான். ஆளுக்கு அரை மீட்டர் விட்டால் 18 பேருக்கு மேல் நிற்க இடமில்லை. ஆகவே வெறும் கைபலத்தால் ஆகாது.

இங்கேதான் அப்ளைடு மெக்கானிக்ஸ் வருகிறது. கல்லின் ஒரு விளிம்பை மட்டும் கிளப்ப பாதி எடை, 1,350 கிலோ போதும். ஒன்றுக்கு எட்டு என்ற விகிதத்தில் நெம்புகோல் போட்டு ஒருவர் 40 கிலோ அழுத்தினால் 320 கிலோ கிளம்பும். ஐந்து பேர் சேர்ந்தால் 1,600 கிலோ. வேலை முடிந்தது! கிளப்பிய கல்லுக்கு அடியில் உருட்டுக் கட்டை கொடுத்து, மண்ணால் சரிவு அமைத்து மேலே இழுத்திருக்கலாம். கல் உட்கார்ந்த பிறகு மண்ணை அள்ளிவிட்டால் தீர்ந்தது.

பல இடங்களில் பக்கப் பலகைகளை ஸ்வஸ்திக வடிவில் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பலகையும் அடுத்ததற்கு முட்டுக் கொடுக்கும். வெளியிலிருந்து மண் அழுத்த அழுத்த இறுகும். சிமெண்ட் கிடையாது, சுண்ணாம்பும் கிடையாது. மச்சு பிச்சுவின் 15-ஆம் நூற்றாண்டுச் சுவர்களிலும் சிறந்தவை சாந்து இல்லாமல் கட்டியவைதான். நம்முடையது அதைவிட மிகப் பழமையானது.

ஆனால் இன்றைய நிலை?

மச்சு பிச்சு 1983-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போக முடியும். இங்கே நாங்கள் பார்த்த ஒரு கற்திட்டையின் மூடுகல் புரட்டப்பட்டு, உள்ளே இடுப்பளவுக்குக் குழி தோண்டியிருந்தது. புதையல் ஆசை! இந்த மாதிரி இடத்தில் கிடைப்பது எலும்பும், பானை ஓடும், துருப்பிடித்த இரும்பும்தான். அப்படியே ஏதாவது கிடைத்தாலும் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இன்னொரு இடத்தில் பலகைக் கற்களையே காணோம். வேலிக்கோ, வாசற்படிக்கோ போயிருக்கும். ஓராயிரம் மழை தாங்கிய கட்டடம் ஒரு கடப்பாரைக்குத் தாங்கவில்லையே என்று மனசு வலித்தது.

சர்வே படிக்கிற நம்மால் ஒரு காரியம் முடியும். டேப்பும் திசைகாட்டியும் எடுத்துப் போய் ஒவ்வொன்றையும் அளந்து, வாசல் எந்தத் திசை என்று குறித்து, பிளான், எலிவேஷன் வரைந்து, போட்டோவோடு தொல்லியல் துறைக்கு அனுப்பலாம். காகிதத்தில் பதிவானதை யாரும் சத்தமில்லாமல் பெயர்த்துப் போக முடியாது. ஆனால் ஒரு கல்லையும் நகர்த்தக் கூடாது. பானை ஓட்டையும் பையில் போடக் கூடாது. அது கிடக்கிற இடம்தான் அதன் முகவரி.

அடுத்த லீவுக்கு எங்கே போகலாம் என்று யோசிக்கிறீர்களா? ஜமுனாமரத்தூர் போங்க. பீமன் மடவு அருவியில் குளிச்சிட்டு வாங்க, தப்பில்லை. கூடவே ஒரு டேப்பும் கொண்டு போங்க!