கோலப்பொடி யார் கையில்?

ஈரோடு மாவட்டச் செய்திப் பக்கத்தில் அடிக்கடி கண்ணில் படும் படம் அது. வேளாண் கல்லூரி மாணவிகள் கோயில் திடலில் கோலப்பொடியால் ஊரை வரைந்திருப்பார்கள். நீலத்தில் வாய்க்கால், பச்சையில் மஞ்சள் காடு, சிவப்பில் வீடுகள். பெரியவர்கள் சிலர் சுற்றிலும் கைகட்டி நிற்பார்கள். படத்துக்குக் கீழே ‘ஊரகப் பங்கேற்பு மதிப்பீடு’ என்று ஒரு வரி இருக்கும்.

மதிப்பெண்ணுக்காகச் செய்கிற வேலை என்று பக்கத்தைப் புரட்டிவிடலாம். ஆனால் கிராமச் செவிலியர்களுக்கும் தொண்டு நிறுவனப் பணியாளர்களுக்கும் பொதுச் சுகாதாரம் படிப்பவர்களுக்கும் கற்றுத்தரப்படுவது இதே முறைதான். ஓர் ஊருக்கு என்ன நோய், எதனால், எதை முதலில் சரிசெய்வது என்பதை அந்த ஊர்க்காரர்களே வரைந்தும் எண்ணியும் பேசியும் கண்டுபிடிப்பது. படத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பொடி மாணவிகள் கையில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

இந்த முறையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் இராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர். 1970-களின் தொடக்கத்தில் நம் வடஆர்க்காடு மாவட்டத்தில் களப்பணி செய்தவர். கிராமத்தைப் பார்க்க வரும் அதிகாரிகளும் ஆய்வாளர்களும் எதைப் பார்க்காமல் திரும்புகிறார்கள் என்று 1983-இல் வந்த தன் நூலில் பட்டியலிட்டார். தார்ச்சாலை போகும் இடம் வரைதான் போகிறார்கள். ஆண்களிடமும் தலைவர்களிடமும் மட்டும் பேசுகிறார்கள். மழை ஓய்ந்து, அறுவடை முடிந்து, ஊர் தெளிவாக இருக்கும் மாதத்தில் வருகிறார்கள். பசியும் காய்ச்சலும் கடனும் ஒன்றாக வரும் மழைக்காலம் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. 1989 முதல் 1991 வரை ஐதராபாத்தில் தங்கியிருந்தபோது இந்தியத் தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து இதற்கான கருவிகளை அவர் செம்மைப்படுத்தினார். அந்த நிறுவனங்களில் ஒன்று மைராடா. பவானிக்கு மேற்கே கோபிசெட்டிபாளையத்தில் வேளாண் அறிவியல் நிலையம் நடத்துவதும் அதே மைராடாதான்.

கருவிகள் எளியவை. சமூக வரைபடம், ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பார்த்துக்கொண்டே போகும் குறுக்கு நடை, புளியங்கொட்டையை வைத்துப் பிரச்சினைகளைத் தரம் பிரிப்பது, பருவகால நாட்காட்டி. எல்லாவற்றையும் ஒரே நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம்.

பவானியில் ஜமக்காளம் நெய்யும் ஒரு தெருவில் நாட்காட்டி போட்டால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். தரையில் பன்னிரண்டு கட்டம். ஒவ்வொரு மாதத்துக்கும் வேலை, வருமானம், கடன், நோய் என்று கொட்டைகளை வைக்கச் சொல்ல வேண்டும். ஆடியில் மேட்டூரில் தண்ணீர் அதிகம் திறந்தால் காவிரிக் கரையோர வீடுகளுக்குள் வெள்ளம் வரும். 2018-லும் 2022-லும் அப்படித்தான் வந்தது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. நெய்பவர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் குழித்தறியின் குழியில் ஈரம் ஊறும், தறி நிற்கும், கூலி நிற்கும். கொசு பெருகிக் காய்ச்சல் வருவதும் அப்போதுதான். வருமானக் கட்டத்தில் கொட்டை குறையக் குறைய, வட்டிக் கட்டத்திலும் நோய்க் கட்டத்திலும் குவியும்.

ஆரம்ப சுகாதார நிலையத்துப் பதிவேட்டில் காய்ச்சல் மட்டும்தான் இருக்கும். காய்ச்சலோடு தறி நின்றதும், தறி நின்றதால் கடன் வாங்கியதும், கடனுக்குப் பயந்து மூன்று நாள் கடை மாத்திரையிலேயே ஓட்டியதும் இந்தப் பன்னிரண்டு கட்டத்தில்தான் ஒன்றாகத் தெரியும். கார்த்திகையில் மருந்து தெளிப்பதா, புரட்டாசியிலேயே குழியைக் காய வைக்க வழி பார்ப்பதா என்ற கேள்வி அங்கிருந்துதான் எழும்.

கற்பதில் கடினமான பகுதி இனிமேல்தான். “எங்களுக்கு என்னங்க தெரியும், நீங்களே எழுதிக்குங்க” என்று கொங்கு மரியாதையோடு ஒதுங்குபவர்களிடம் பொடியைக் கொடுத்துவிட்டு, பயிற்சி பெற்றவர் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். படித்தவருக்கு இது எளிதில் வராது. இரண்டு நிமிட அமைதியைத் தாங்க முடியாமல் தானே கோடு போட்டுவிடுவார்.

ஊர் என்பதும் ஒரே ஊர் அல்ல. மாரியம்மன் கோயில் திடலில் வரைபடம் போட்டால் அருந்ததியர் காலனி அதில் எங்கே வரும்? பெரும்பாலும் ஓரத்தில் ஒரு சிறு பெட்டியாக. அங்கிருந்து ஒருவர் திடலுக்கு வந்தாலும் பொடியைக் கையில் வாங்குவாரா? காலனியிலேயே தனியாக ஒரு வரைபடம் போட்டால்தான் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் எங்கே நின்றுபோகின்றன என்று தெரியும். பெண்களுக்குத் தனியாக, மாலை வேலை முடிந்த பிறகு. சாயக்கழிவு பற்றிப் பேசுவது இன்னும் சிக்கல். சாயப்பட்டறை முதலாளியும் அங்கே கூலி வாங்குபவரும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்தால் தண்ணீரின் நிறம் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த மௌனத்தை ‘பிரச்சினை இல்லை’ என்று குறித்துக்கொண்டு போகும் பயிற்சியாளரைவிட, வராமலே இருந்த அதிகாரி மேல்.

இதனால் உயிர் பிழைக்குமா என்று கேட்பவர்களுக்கு ஜார்க்கண்ட், ஒடிசாவில் ‘ஏக்ஜுட்’ அமைப்பு நடத்திய ஆய்வு பதில் சொல்கிறது. பழங்குடியினர் அதிகம் வாழும் மாவட்டங்களில் பெண்கள் மாதம் ஒருமுறை கூடினார்கள். உள்ளூர்ப் பெண் ஒருவரே கூட்டத்தை நடத்தினார். படக்கார்டும் கதையுமாகப் பேசி, பச்சிளங்குழந்தைகள் ஏன் இறக்கின்றன என்று அலசி, என்ன செய்யலாம் என்று தாங்களே முடிவெடுத்தார்கள். மூன்று ஆண்டுகளில் பச்சிளங்குழந்தை இறப்பு 32 சதவீதம் குறைவாக இருந்தது. முடிவு 2010-இல் லான்செட் இதழில் வெளியானது.

அதே ஆண்டு அதே இதழில் வந்த வங்கதேச ஆய்வில் இதே முறைக்குப் பலன் தெரியவில்லை. ஜார்க்கண்டில் 468 பேருக்கு ஒரு குழு, வங்கதேசத்தில் 1,414 பேருக்கு ஒன்று. பிறகு வங்கதேசத்திலேயே 309 பேருக்கு ஒரு குழு என்று நெருக்கியபோது இறப்பு 38 சதவீதம் குறைந்தது. ஜார்க்கண்ட் கணக்கில் பார்த்தால் 40,000 பேர் உள்ள ஒரு நகருக்குச் சுமார் 85 குழுக்கள் வேண்டும். வட்டாரத்துக்கு ஒரு பயிற்சி முகாம் நடத்திப் படம் எடுத்துப் போடுவதால் எதுவும் நடக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு தேவையில்லை.

தமிழகத்துக்கு இது புதிதல்ல. தேசிய ஊரக சுகாதார இயக்கம் 2007-இல் ஒன்பது மாநிலங்களில் மக்கள் கண்காணிப்பை முன்னோட்டமாகத் தொடங்கியபோது தமிழ்நாடும் அதில் இருந்தது. தர்மபுரி, வேலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் கிராம மக்களே சுகாதாரச் சேவைகளுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மதிப்பெண் அட்டை போட்டார்கள். அந்த வேகம் நீடிக்கவில்லை. காகிதத்தில் ஒவ்வொரு கிராமத்துக்கும் சுகாதாரக் குழு உண்டு, ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் நிதியும் உண்டு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் தறியில் குனிந்து குனிந்து வந்த முதுகுவலிக்கு என்ன செய்வது என்று அந்த வாசலில் முடிவெடுக்க முடியாது.

முடிவெடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கிராமங்களுக்கு இப்போது ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள். பவானி போன்ற நகராட்சிகளுக்கு 2022 முதல் ஏரியா சபைகள். தெருவில் நான்கு பெண்கள் கூடிப் போட்ட நாட்காட்டியை ஒரு தாளில் படியெடுத்து அங்கே கொடுக்கலாம். எந்த மாதத்துக்கு முன் எந்தச் சாக்கடை தூர்வாரப்படும், எந்த வாரம் செவிலியர் தெருவுக்கு வருவார் என்று தேதியோடு தீர்மானத்தில் எழுதச் சொல்லலாம். கொடுப்பது நகலாக இருக்கட்டும். அடுத்த ஐப்பசியில் ஒப்பிட்டுப் பார்க்க மூலப் பிரதி தெருவில் வேண்டும்.