கல்வெட்டிலிருந்து ஒரு வரைபடம்



புதுச்சேரி செயிண்ட் லூயி வீதியில், கடலைப் பார்த்தபடி நிற்கிறது பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். பிரெஞ்சு ஆட்சி கைமாறிய அடுத்த ஆண்டே, 1955இல் தொடங்கியது. ஓலைச்சுவடிகளுக்குப் பேர்போன இடம்; வரைபடத்திலும் கெட்டிதான். இந்தியாவின் தாவரவளத்தை, தரையில் பத்து கிலோமீட்டரைத் தாளில் ஒரு சென்டிமீட்டராகச் சுருக்கி, வண்ண வரைபடங்களாக வெளியிட்டது.

ஆனால் எனக்குப் பிடித்தது இன்னொன்று: தென்னிந்திய வரலாற்று வரைபடத் தொகுப்பு. தொல்பழங்காலம் முதல் 1600 வரையிலான தென்னகம் அதில் இருக்கிறது. கல்வெட்டறிஞர் எ. சுப்பராயலு இதில் முக்கியப் பங்காற்றினார். சோழர் காலத்தில் நாடு, கூற்றம் எனப்பட்ட ஊர்த்தொகுதிகளை வரைபடத்தில் குறிப்பது அவர் 1970களிலேயே செய்த வேலை.

எப்படிக் குறிப்பார்கள்? சோழர் கல்வெட்டு ஓர் ஊரைச் சொல்லும்போது, முகவரிபோல, "நித்தவினோத வளநாட்டு ஆவூர்க் கூற்றத்து" என்று தொடங்கும். ஆவூர் இன்றும் கும்பகோணம் பக்கம் இருக்கிறது. அதே கூற்றத்தைச் சேர்ந்ததாக வரும் மற்ற ஊர்களையும் தேடிப் பிடித்துப் புள்ளி வைக்க வேண்டும். பெயர் திரிந்திருக்கும்; சில ஊர்கள் இருந்த இடமே தெரியாது. புள்ளிகள் சேரச் சேர, கூற்றத்தின் பரப்பு புலப்படும்.

அப்படிப் பார்த்ததில், ஆறுதான் எல்லை என்ற நம் நினைப்பு பல இடங்களில் அடிபட்டுப்போனது. ஒரே நாடு ஆற்றின் இரு கரையிலும் பரவிக் கிடந்தது. ஒரே ஆற்று நீரில் பயிர் செய்தவர்களுக்கு அக்கரை என்ன, இக்கரை என்ன!