ஹாண்டிலுக்குள் ஓர் இறப்பர்த் துண்டு

புறக்கோட்டையின் சனநெரிசலைக் கடந்து பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குச் செல்வோர், கரடுமுரடான பாதைகளுக்கென்றே ஆக்கப்பட்ட பழைய ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களுக்கு ஹாண்டில் தேடி வரும் இளைஞரை அங்கே காணலாம். மலைநாட்டுத் தோட்டப் பாதைகளிலோ, தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் போன்ற பந்தயத் தடங்களிலோ ஓடிப் பழகியவர்களுக்கு, முன்கைத் தசை இறுகிப் பிரேக்கைப் பிடிக்க விரல்கள் மறுக்கும் அவஸ்தை புதிதன்று.

இதற்குப் பரிகாரமாக வந்தவற்றுள் ஒன்று, அமெரிக்காவின் ஃபாஸ்ட் கம்பெனி ஆக்கிய ஃபிளெக்ஸ் ஹாண்டில். சாதாரண ஹாண்டில் முழுவதும் ஒரே குழாயாக இருக்க, இதில் நடுப்பகுதிக்கு இரு மருங்கிலும் கீல்கள் அமைந்து, கைப்பிடிகள் மேலும் கீழும் சிறிதே அசைய இடந்தருகின்றன. முன்பின்னாக அசைவு இல்லாமையால் வண்டியைத் திருப்பும் நிதானம் கெடுவதில்லை. கீலின் அசைவைத் தாங்குபவை, வெவ்வேறு கடினமுள்ளனவாகத் தெரிந்து மாற்றிக்கொள்ளத்தக்க இறப்பர் போன்ற துண்டுகள்.

மிருதுவான துண்டைப் போட்டால் அதிர்ச்சி முழுவதும் மறைந்துவிடும் என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் மிருதுத்தன்மை வேறு, சக்தியை உறிஞ்சும் குணம் வேறு. 1876ஆம் ஆண்டில் ஹெனரத்கொடைத் தாவரவியல் தோட்டத்துக்கு வந்த கன்றுகளின் வழியே இலங்கை நன்கறிந்த இயற்கை இறப்பர், தான் பெற்ற சக்தியின் பெரும்பகுதியைத் திருப்பியே கொடுத்துவிடுகிறது. அச்சக்தியை உஷ்ணமாக மாற்றித் தணிக்க வேண்டுமாயின் கரித்தூள் முதலியவற்றைக் கலந்தோ, வேறு பல்பகுதியங்களை நாடியோ அதன் குணத்தை மாற்றியாக வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இத்துண்டைப் போன்ற எந்த மீள்தாங்கியும் தன் இயற்கை மீடிறனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வையே குறைக்கும். அதற்குக் கீழே குறைப்பதில்லை என்பது மட்டுமன்று, பரிவு நேருமிடத்தில் அதைப் பெருக்கியும் விடும். நிமிடத்துக்கு 6,000 தடவை சுழலும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் 100 ஹேர்ட்ஸ் நடுக்கத்தை அடக்குவது இலகு; ஆனால், கைகளுக்கு ஏற்படும் அதிர்வை அளப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 5349 நியமமோ 8 முதல் 16 ஹேர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுக்கே மிகுந்த முக்கியத்துவம் அளிக்கிறது. தாங்கியின் இயற்கை மீடிறன் அவ்வெல்லைக்குள் விழுமாயின், ஓட்டுபவருக்குச் சுகமாகத் தோன்றும் ஹாண்டிலே அவரது கைக்குக் கேடு சூழலாம். 1918இல் அமெரிக்க மருத்துவர் அலிஸ் ஹமில்டன் அம்மையார் இந்தியானா மாநிலக் கல்தச்சரை ஆராய்ந்து, காற்றழுத்தச் சம்மட்டி பிடித்த அவர்களுடைய விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போவதை விவரித்ததை நினைத்தால், இவ்விஷயத்தை அலட்சியம் செய்ய மனம் வராது.

ஆதலால், ஓட்டியவரின் அபிப்பிராயம் மாத்திரம் பரீட்சையாகாது. விலை கொடுத்து வாங்கியவருக்கு வாங்கிய பொருள் நல்லதாகவே தோன்றும். ஆர்முடுகல்மானி ஒன்றைக் கீலுக்கு முன்னே நடுப்பகுதியிலும், மற்றொன்றைக் கைப்பிடியிலும் பொருத்தி, அதே ஓட்டுநர், அதே தடம், அதே வேகம், அதே டயர்க் காற்றழுத்தம் என்ற நிபந்தனைகளோடு, சாதாரண ஹாண்டிலையும் ஃபிளெக்ஸ் ஹாண்டிலையும் மாறிமாறிப் பொருத்தி ஓட்டி, ஒவ்வொரு மீடிறனிலும் கைப்பிடி அளவீட்டை நடுப்பகுதி அளவீட்டால் வகுத்து விகிதத்தைக் காணவேண்டும். ஒன்றுக்குக் குறைந்த விகிதம் தணிப்பையும், மிகுந்தது பெருக்கத்தையும் காட்டும். 100 ஹேர்ட்ஸ் அதிர்வைப் பதிய, கருவி செக்கனுக்கு 200 தடவைக்கு மேலாக அளக்க வேண்டுமாதலால், கைப்பேசிகள் எல்லாமே இதற்கு உதவும் என்பதில்லை.

மொறட்டுவை, பேராதனைப் பொறியியல் மாணவர்கள் நம் நாட்டுப் பாதைகளிலேயே இப்பரிசோதனையைச் செய்து, பெறும் எண்களைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட முன்வர வேண்டும்.