புல்லை மண்ணோடு அறுக்காதீர்கள்!

"இருபது சென்ட்டில் கோ-4 கம்பு நேப்பியர் போட்டேன். முதல் வருஷம் ஆள் உயரம் வந்தது. இப்போது தூர் தூராகக் காய்கிறது. தண்ணீருக்கும் உரத்துக்கும் குறையில்லை. உழுதுவிட்டு வேறு புல் போடலாமா?"

வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்ட கேள்வி இது. சிவகாசி வட்டாரத்தில் மாடு வைத்திருக்கும் பலரும் இதையே கேட்பதால், நேரில் போய்ப் பார்த்தேன். வீட்டில் இருவரும் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள். காலையில் கம்பெனி வண்டி வருவதற்குள் புல் அறுத்தாக வேண்டும். அந்த அவசரத்தில் மண்ணோடு ஒட்ட அறுத்திருக்கிறார்கள். தீவனம் பற்றாதபோது 25 நாளிலேயே மறுபடியும் அரிவாள் வைத்திருக்கிறார்கள். ஒரு தூரைத் தோண்டிப் பார்த்தேன். அடிக்கட்டை சீவப்பட்டு, கரிசலில் தேங்கிய ஐப்பசி மழைத் தண்ணீரில் அழுகியிருந்தது. பூச்சியோ நோயோ காரணமில்லை. அறுத்த விதம்தான் காரணம்.

சேமிப்பு அடித்தண்டில்

இலைதான் புல்லுக்குச் சமையல்கூடம். அறுத்தவுடன் இலை போய்விடுகிறது. புது இலை வரும்வரை அடித்தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்த சத்தை எடுத்துத்தான் புல் உயிர் வாழ்கிறது. புதுத் துளிர் விடும் மொட்டுகளும் அடிக்கணுக்களில்தான் இருக்கின்றன. மண்ணோடு அறுத்தால் சேமிப்பும் மொட்டும் சேர்ந்தே போய்விடும். சீக்கிரமே மறுபடியும் அறுத்தால், எடுத்த சத்தைத் திரும்பச் சேர்க்கப் புல்லுக்கு நேரம் கிடைக்காது. இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் தூர் செத்துவிடும்.

அதற்காக ஒரு அடி உயரம் விட்டு அறுப்பதும் சரியில்லை. மேல்கணுவில் மெலிந்த கிளைகள் வந்து சாயும், மகசூல் குறையும்.

அளவுகோல் தேடி அலைய வேண்டாம். தரையில் முஷ்டியை நிறுத்துங்கள். அது சுமார் நான்கு அங்குலம். கட்டைவிரலை நிமிர்த்தினால் ஆறு அங்குலம். அரிவாள் இந்த இரண்டுக்கும் நடுவில் ஓட வேண்டும்.

புல்லுக்குப் புல் வேறு

கம்பு நேப்பியர்: தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008-ல் கோ-4, 2012-ல் கோ-5 ரகங்களை வெளியிட்டது. நட்ட 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. ஒவ்வொரு அறுப்புக்குப் பின்னும் சென்ட்டுக்கு 650 கிராம் யூரியா இட்டுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். தூர் பெருத்துவிட்டால் ஆண்டுக்கொருமுறை மண்வெட்டியால் பிளந்து, ஒரு பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடலாம். எடுத்ததை வேறு இடத்தில் நடலாம்.

கினியா புல்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் தென்னந்தோப்பு நிழலுக்கு ஏற்றது. வேர்க்கரணை நட்டால் 45 நாளில் முதல் அறுப்பு. விதைத்தால் 75 முதல் 80 நாள் ஆகும். அடுத்தடுத்த அறுப்பு 45 நாளுக்கு ஒருமுறை. நிழலில் வளர்ச்சி மெதுவாக இருந்தால் சில நாள் பொறுங்கள்.

கொழுக்கட்டைப் புல்: நம் மானாவாரிக்கு இதுதான் கைகொடுக்கும். முதல் அறுப்பு 70 முதல் 75 நாளில்; பிறகு மழையைப் பொறுத்து. மழைக்காலம் முடிந்து தை மாதம் ஒருமுறை அறுத்தால், அதன்பின் கை வைக்காதீர்கள். வேர் பிடிக்காத முதல் பருவத்தில் ஆட்டை விட்டால் வேரோடு பிடுங்கிவிடும். ஆண்டுக்கொருமுறை விதை உதிர விட்டால் இடைவெளிகள் தானாக நிரம்பும்.

தீவனச் சோளம் கோ.எப்.எஸ்-29: விதைத்த 65 நாளில் முதல் அறுப்பு, பிறகு 50 நாளுக்கு ஒருமுறை. இதில் நாள் கணக்கு தவறினால் மாட்டின் உயிருக்கே ஆபத்து. இளம் பயிர், மழையில்லாமல் வாடிய பயிர், அறுத்த தாளில் வரும் இளந்துளிர் ஆகியவற்றில் ஹைட்ரோசயனிக் அமில நச்சு அதிகம். பூப்பதற்கு முன் சோளத்தைப் போடக் கூடாது. மறுதாம்பில் ஆடு மாடுகளை மேய விடக் கூடாது. மேய்ந்த கால்நடை மூச்சுத் திணறித் தள்ளாடினால் கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கழிக்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள், அல்லது 1962-க்குப் போன் செய்யுங்கள். ஊசி மருந்து இருக்கிறது. சில நிமிடத் தாமதம்கூட உயிரைக் குடித்துவிடும்.

புல்தரைக்கும் இதே கணக்கு

சிவகாசியில் மண்டபப் புல்தரையைப் பராமரிக்கும் ஒரு வாசகர், வெட்டிய மறுவாரம் தரை மஞ்சளாகிவிடுவதாக எழுதியிருந்தார். ஒரே முறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. அருகம்புல், கொரியன் புல் என்றால் ஒன்றரை அங்குலம் நிற்கட்டும். அகன்ற இலையுள்ள பஃபலோ புல்லை மூன்று அங்குலத்துக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். சித்திரை வெயிலில் இன்னும் அரை அங்குலம் கூட்டி விடுங்கள். மழுங்கிய பிளேடு இலையைக் கிழிப்பதாலும் நுனி காய்ந்து மஞ்சளாகத் தெரியும்.

தீ வைக்க வேண்டாம்

பழைய நேப்பியர் தூர்களைக் கோடையில் கொளுத்தினால் புதிதாகத் துளிர்க்கும் என்று சிலர் செய்கிறார்கள். தீ அடிமொட்டைக் கருக்கிவிடும். அதைவிடப் பெரிய விஷயம், நம் பகுதியில் பல வயல்களுக்கு அடுத்த வேலியே பட்டாசு ஆலைதான். காற்றில் பறக்கும் ஒரு பொறி போதும். காய்ந்த தண்டுகளை வெட்டி எடுத்து மட்க வையுங்கள்.

வாசகிக்குப் பதில்

உழ வேண்டாம். அழுகிய தூர்களை மட்டும் எடுத்துவிட்டு, நல்ல தூரைப் பிளந்து அந்த இடத்தில் நடுங்கள். தண்ணீர் தேங்காமல் வடிகால் எடுங்கள். இருபது சென்ட்டையும் 45 பாத்திகளாகப் பிரித்து, நாளொன்றுக்கு ஒரு பாத்தி அறுங்கள். கடைசிப் பாத்தி முடியும்போது முதல் பாத்தி தயாராகியிருக்கும். நல்ல பராமரிப்பில் இந்த ரகம் ஏக்கருக்கு ஆண்டுக்கு 150 டன்னுக்கு மேல் தரக்கூடியது. நம் கிணற்றுத் தண்ணீரில் பாதி கிடைத்தாலும் உங்களுக்குத் தினமும் 40 கிலோ பசும்புல் வரும். கோடையில் வளர்ச்சி குறையும்போது, முன்கூட்டியே அறுக்காமல் சோளத்தட்டையைச் சேர்த்துச் சமாளியுங்கள்.

விடிகாலையில் ஒரு பாத்தி அறுக்கக் கால் மணி நேரம் போதும். வண்டியைத் தவற விட வேண்டியதில்லை. முஷ்டி அளவை மட்டும் மறக்காதீர்கள்.