எடை குறைக்கும் ஊசிக்கு முன்

டீ குடித்துவிட்டீர்களா அக்கா? அப்படியானால் இன்று பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டாம், நாளைக் காலையில் போய்க்கொள்ளலாம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எட்டு மணி நேரமாவது வயிறு வெறுமையாக இருக்க வேண்டும். தண்ணீர் மட்டும் குடிக்கலாம்.

எடை குறைக்கும் மவுஞ்சாரோ ஊசி 2025 மார்ச்சில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது, ஜூனில் வீகோவி. இப்போது செஞ்சியிலும் ஊசி விலையை விசாரிக்கிறார்கள். விலையைக் கேட்கும் முன், எடை ஏன் ஏறியது, ஊசியை உடம்பு தாங்குமா என்று பார்த்துவிட வேண்டும்.

முதலில் தைராய்டு, அதாவது டி.எஸ்.எச். அசதி, மலச்சிக்கல், முடி கொட்டுவது எல்லாம் உங்களுக்கு இருக்கிறதே. தைராய்டு குறைவு என்று தெரிந்தால் அதற்கான மாத்திரைதான் முதலில். முடிக்காக பயோட்டின் சாப்பிட்டால் இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். அது தைராய்டு கணக்கைத் தப்பாகக் காட்டிவிடும்.

அடுத்தது மூன்று மாதச் சர்க்கரை, எச்.பி.ஏ.1.சி. 5.7-க்குக் கீழே இருந்தால் பயமில்லை, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நடுவில் இருந்தால் எல்லைக்கோடு. ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் இந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அதனால் ஹீமோகுளோபினையும் சேர்த்தே பாருங்கள். பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. ஏற்கெனவே இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர்களுக்கு, இந்த ஊசியும் சேரும்போது சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். பழைய மருந்தின் அளவை டாக்டர் குறைத்துக் கொடுப்பார்.

எனக்கு உங்கள் கிட்னியைப் பற்றித்தான் கவலை. நெல் கமிட்டியில் பகலெல்லாம் குனிந்து நிமிர்ந்துவிட்டு, முட்டி வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறீர்கள். டைக்ளோபினாக் மாதிரி மாத்திரைகளை அடிக்கடி போட்டால் கிட்னி கெடும், வலி எதுவும் தெரியாது. ஊசி தொடங்கிய முதல் வாரங்களில் சிலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். உடம்பில் நீர் வற்றும் அந்த நேரத்தில் ஏற்கெனவே நைந்த கிட்னி தாங்காது. கிரியேட்டினின் பார்க்காமல் ஊசி போடவே கூடாது என்பேன். அந்த எண்ணோடு வயதையும் சேர்த்துக் கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு என்றும் கேளுங்கள்.

கல்லீரலுக்கு எஸ்.ஜி.பி.டி. போதும், கொழுப்புக்கு லிப்பிட் புரொஃபைல். அதில் டிரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் அபாயம் உண்டு, டாக்டரிடம் சொல்லாமல் விடாதீர்கள். கணையம் முன்பு வீங்கியிருந்தாலோ, வீட்டில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தாலோ ரத்தம் சொல்லாது, நீங்கள்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். பிள்ளை பெறும் வயதுள்ளவர்கள் கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

முழு உடல் பேக்கேஜுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டத் தேவையில்லை. செஞ்சி அரசு மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள், அங்கே எடுக்க முடியாததை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் எடுக்கலாம். ரிசல்ட் வந்ததும் பழைய சீட்டுகளோடு டாக்டரிடம் போங்கள். அந்த முட்டி வலி மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.